பழைய வீட்டைப் பிரிக்கப்போகும் பங்காளிகளுக்கு

அமராவதிபுதூரிலும் சுற்றியுள்ள நம் ஊர்களிலும் பூர்வீக வீட்டைப் பிரிக்கவோ விற்கவோ முடிவுசெய்திருக்கும் பங்காளிகளுக்கும், அந்த வீடுகளில் பிறந்து வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட பெண்மக்களுக்கும் எழுதுவது.

வீட்டைப் பிரிக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இருபது புள்ளிகளுக்கு, அதாவது இருபது தம்பதிகளுக்கு, பாத்தியமான வீட்டில் ஒழுகும் ஓட்டை மாற்றுவதற்குக்கூட எத்தனை ஊருக்குப் பேச வேண்டியிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். முகப்புத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் விலை பேச ஆள் வருகிறார்கள். பித்தளை அண்டா, பீங்கான் சாடி, ரவிவர்மா படம் எல்லாவற்றுக்கும் காரைக்குடிக் கடைகளில் மதிப்பு உண்டு. யாரும் விலை கேட்காத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெட்டகத்தின் அடியிலும், பரணிலும், இரண்டாம் கட்டு அறைகளின் மரப்பெட்டிகளிலும் துணியில் முடிந்து கிடக்கும் காகிதங்களும் ஓலைகளும் அவை. ரங்கூன் கடைப் பேரேடு என்றால் தோல் அட்டைக்காகவாவது எடுத்து வைக்கிறார்கள். மொய் ஏடு, சீர் சாமான் பட்டியல், ஆச்சி பேரில் எழுதிய சில்லறைக் கணக்கு என்றால் எடைக்குப் போய்விடுகிறது. கரையான் அரித்திருந்தால் கொல்லையிலேயே கொளுத்திவிடுகிறார்கள்.

விக்டோரியா மகாராணி காலத்தில் இந்த வீடுகளில் வாழ்ந்த பெண்களுக்கு அந்தக் காகிதங்களை விட்டால் வேறு சாட்சி கிடையாது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விக்டோரியா அரியணை ஏறியது 1837 ஜூன் 20. பதினோரு நாள் கழித்து, ஜூலை 1 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசாங்கமே பதிவுசெய்யத் தொடங்கியது. 1841 முதல் குடிக்கணக்கில் வீடு வீடாக ஆள் பெயரை எழுதி, அந்த ஏடுகளைப் பத்திரப்படுத்தினார்கள். நூறு ஆண்டு கழிந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1921-ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆகவே லங்காஷயரில் பஞ்சாலைக்கு வேலைக்குப் போன ஒரு பெண் எந்தத் தெருவில் குடியிருந்தாள், எத்தனை பிள்ளை பெற்றாள், எதனால் இறந்தாள் என்பதை அவள் வழிவந்தவர்கள் இன்று வீட்டில் இருந்தபடியே கண்டுபிடிக்கிறார்கள்.

நம் ஆச்சிமாரும் அதே ராணியின் குடிகள்தான். சென்னை மாகாணத்தில் 1871 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை தலை எண்ணியிருக்கிறார்கள். ஆனால் ஆள் ஆளாக எழுதிய தாள்களைக் கூட்டி முடித்த பிறகு வைத்துக்கொள்ளவில்லை. தாலுகாவில் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்ற அட்டவணை மட்டும் மிஞ்சியது. பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று மாகாணச் சட்டம் வந்ததே 1899-ல். ராணி அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகூட இருக்கவில்லை. சொத்துப் பத்திரங்களைப் பதிவுசெய்யும் முறை 1860-களிலேயே வந்துவிட்டது உண்மை. அதில் பெண் பெயர் விழ வேண்டுமானால் அவள் பேரில் நிலமோ வழக்கோ இருந்திருக்க வேண்டும். அப்படித் தேடப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் ஊர் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனது. சிவகங்கை மாவட்டம் என்பது 1985-ல் வந்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சிவகங்கை என்று கேட்டால் கிடைக்காத கட்டு, மதுரை என்று கேட்டால் கிடைக்கலாம்.

சர்க்கார் எழுதாததை நம் வீட்டார் எழுதியிருக்கிறார்கள். கணக்கு எழுதியே வளர்ந்த செட்டியார் சமூகம் நாம். கல்யாணமும் சாவும்கூடக் கணக்கில் ஏறியிருக்கின்றன. அதை வைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தொடர முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். நான் தேடியவரைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்கு என் அப்பத்தா பெயர். மூத்த பெண்ணுக்கு அப்பத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். என் அப்பத்தாவும் அவர் பிறந்த வீட்டில் மூத்த பெண். ஆகவே அவருக்கு அவருடைய அப்பத்தா பெயர். 1850-களில் பிறந்து, விக்டோரியா இறந்த பிறகும் சில ஆண்டுகள் இருந்த அந்தப் பெண்மணியின் பெயரைத்தான் நான் பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் கையெழுத்தாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு வரி தெரியாது. நம் வம்சாவளி ஏடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஐயா, அவர் மகன், அவர் மகன் என்று ஆண்வழியாகவே இறங்கும். பெண் பிறந்தால் இன்ன ஊரில் இன்னார் வீட்டில் கட்டிக்கொடுத்தது என்று ஒரு வரி, அதோடு சரி. வீட்டுக்கு வந்த மருமகளுக்கு அந்த ஒரு வரியும் பல ஏடுகளில் இல்லை. பிள்ளைகளைப் பெற்றவள் பெயரில்லாமல் பிள்ளைகள் மட்டும் வரிசையாக நிற்கிறார்கள். அண்மையில் அழகாக அச்சடித்து விழாக்களில் கொடுக்கும் வம்சாவளிப் புத்தகங்களிலும் இதைத்தான் காண்கிறேன். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆவணம் இல்லாமல் பெயர் விடுபட்டால் சரி. பெட்டகத்தில் ஆவணத்தை வைத்துக்கொண்டே பெயரை விடுவது நியாயமில்லை.

தேட வேண்டிய முதல் பொருள் இசைகுடிமானம். திருப்பூட்டுவதை ஒட்டி இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் கல்யாணச் சீட்டு. அந்தக் காலத்தில் ஓலை, இப்போது தாள். வருஷம், மாதம், தேதி, இரு வீட்டாரின் ஊர், கோயில், பிரிவு, மாப்பிள்ளை இன்னார் மகன், பெண் இன்னார் மகள், சீதனம் எவ்வளவு எல்லாம் அதில் வரும். பெண்ணின் பெயர் கட்டாயம் இருக்கும். பெண் இல்லாமல் எப்படிக் கல்யாணம் எழுத முடியும்? ஓலையை விரித்துப் பிடித்தால் சுருளும், ஓரம் உதிரும், எழுத்தில் மை இல்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டால் கீறல் நிழலாகத் தெரியும். புள்ளி வைக்காத மெய்யெழுத்து, கொம்பும் காலும் பிரித்தறிய முடியாத குறில் நெடில், தமிழ் எண். பழகினால் படித்துவிடலாம்.

வருஷப் பெயர்தான் சிக்கல். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வருமே. விய வருஷம் என்று எழுதியிருந்தால் அது 1886-ஆ, 1946-ஆ, இல்லை 1826-ஆ? பக்கத்துத் தாள்களைப் பார்க்க வேண்டும். ரங்கூன் கடை பற்றிய பேச்சு இருந்தால் பிரிட்டிஷார் அந்த ஊரைப் பிடித்த 1852-க்குப் பிறகு என்று பெரும்பாலும் கொள்ளலாம். கூடவே கார்டு ஏதும் கிடந்தால் அதிர்ஷ்டம். இந்தியாவில் காலணா தபால் கார்டு வந்தது 1879 ஜூலையில். அதில் தபாலாபீஸ் முத்திரை இங்கிலீஷ் தேதியோடு இருக்கும். முத்திரைத்தாளில் ராணியின் தலை பதிந்திருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

ராணியின் தலை இன்னோரிடத்திலும் இருக்கிறது. நம் ஆச்சிமாரின் காசுமாலையில். உண்மையான இங்கிலீஷ் பவுனைக் கோத்ததாக இருந்தால் ஒவ்வொரு காசையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். காசிலேயே ஆண்டு இருக்கும். தேய்ந்து போயிருந்தாலும் முகம் சொல்லும். கூந்தலை நாடாவால் கட்டிய இளம் முகம் என்றால் 1887 வரைக்கும் அடித்தது. தலையில் சின்னக் கிரீடமும் முக்காடும் இருந்தால் பொன்விழாக் காசு, 1887 முதல் 1893 வரை. முக்காடிட்ட முதிய முகம் 1893 முதல் 1901 வரை. பொடி எழுத்தில் எஸ் என்றோ எம் என்றோ தெரிந்தால் சிட்னியிலோ மெல்போர்னிலோ அச்சானது. மாலையில் உள்ள மிகப் பிந்திய காசுக்கு முன்னால் அந்த மாலையைக் கோத்திருக்க முடியாது. அதை யாருடைய கல்யாணத்துக்குச் செய்தார்கள் என்று இசைகுடிமானத்தோடு ஒப்பிட்டால் பிடிபடும். உருக்கிப் புது நகை செய்யப் போகிறவர்கள் அதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். உருக்கிய தங்கத்தில் எடை இருக்கும், காசு சொன்ன ஆண்டு இருக்காது.

நான் தேடியவர் எனக்குக் கிடைத்தது பேரேட்டில். அப்பத்தா பிறந்த வீட்டுப் பெட்டகத்தில் வட்டிக்கடைப் பேரேடு ஒன்று இருந்தது. ஆண்கள் பேரில், கோயில்கள் பேரில், முகவர்கள் பேரில் பற்று வரவு ஓடும் புத்தகம். நடுவில் ஒரு பக்கத்தின் தலைப்பில் என் பெயர். கீழே வரவு: கல்யாணச் சீதனப் பணம். ஆண்டுதோறும் நடப்பு வட்டி போட்டு முதலோடு சேர்த்திருக்கிறார்கள். ஆச்சிமார் பணம் என்று கடைகளில் தனியாகவே ஒரு வகை உண்டு என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணவர் வீட்டார் நடத்தும் கடையில்கூட மனைவியின் சீதனம் அவள் பேரில் தனியே நிற்கும். கடைக்கு அது முதலீடு, அவளுக்கு அது சொத்து. அதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நிலை? கல்யாணமானதும் பெண்ணின் ரொக்கமும் நகையும் கணவனுடையவை. அவள் சம்பாத்தியம் அவளுக்கே என்று சட்டம் வந்தது 1870-ல். முழுச் சொத்துரிமை 1882-ல். குடிக்கணக்கில் பெயர் பதிந்த அந்த லங்காஷயர்ப் பெண்ணுக்குத் தன் பேரில் பணம் இல்லாத ஆண்டுகளில், எந்தச் சர்க்கார் ஏட்டிலும் பெயர் இல்லாத நம் ஆச்சிக்குத் தன் பேரில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

இதைச் சொல்லும்போது பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தை முழுதும் படித்த பிறகு பெருமையோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. சீதனம் வரவு வைத்த நாளில் அவருக்குப் பத்து வயதுகூட ஆகியிருக்காது. அந்தப் பணத்தை வட்டிக்கு விட்டவர், கணக்கெழுதியவர், ஐந்தொகை போட்டவர் எல்லாரும் ஆண்கள். தன் பேரில் உள்ள எண்ணை அவரால் வாசித்திருக்க முடியுமா என்பதே சந்தேகம். பற்றுப் பக்கத்தில் சில வரிகள்தான். திருவாதிரைப் புதுமைச் செலவு என்று ஒரு பற்று. வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருந்திருக்கிறாள். பிறகு வேறு வைத்ததற்குச் சாமான் வாங்கிய பற்று. மகனுக்குக் கல்யாணம் முடித்து, ஒரே வளவுக்குள் தனி அடுப்பு வைத்துக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். அப்புறம் சில ஆண்டுகள் பற்றே இல்லை. பிறகு காசிக்குப் போன வகையில் ஒரு தொகை. எங்கள் பக்கத்துப் பெண் காசிக்குப் போவதென்றால் பெரும்பாலும் கணவரோடு அறுபதுக்கு மேல், இல்லாவிட்டால் கணவர் போன பிறகு.

எது என்று கோயில் கணக்கில் தெரிந்தது. நம் ஒன்பது நகரக் கோயில்களில் இந்த முறை எப்படி என்பதைப் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. கல்யாணத்துக்கு இரு வீட்டாரின் கோயிலிலிருந்தும் மாலை வர வேண்டும். மாலை கொடுத்த கோயில் அந்தக் கல்யாணத்தை ஏட்டில் ஏற்றும். அன்றுமுதல் அந்தத் தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரி புள்ளிக்கு இவ்வளவு. தம்பதியில் ஒருவர் தவறினால் மற்றவர் அரைப்புள்ளி. பெண்ணின் பிறந்த வீட்டுக் கோயில் ஒன்று, புகுந்த வீட்டுக் கோயில் ஒன்று, ஆகவே ஒரு பெண்ணுக்கு இரண்டு இடத்தில் சுவடு உண்டு. எந்தக் காலம் வரை ஏடு இருக்கிறது என்பது கோயிலுக்குக் கோயில் வேறுபடும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. வீட்டில் இருந்த புள்ளிவரிச் சீட்டுகளை வரிசைப்படுத்தியபோது ஒரு வருஷம் வரை முழுப்புள்ளி, அடுத்த வருஷம் அரைப்புள்ளி. பற்றே இல்லாமல் போன வருஷங்கள் அங்கேதான் தொடங்குகின்றன. கணவர் இறந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பொட்டும் பூவும் காசுமாலையும் போயிருக்கும். காசிக்குப் போனது தனியாகத்தான்.

கணக்கு முடிகிற இடம்தான் என்னை உட்காரவைத்துவிட்டது. மொத்தத் தொகையைக் கட்டி, மூன்று பெண்மக்கள் பேருக்குப் பிரித்து மாற்றி, பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்திருக்கிறார்கள். இறந்தார் என்று ஒரு எழுத்தும் இல்லை. ஆனால் தேதி இருக்கிறது. அந்த வீட்டு வம்சாவளியில் அந்த ஒரு வரியும் கிடைக்காத மூன்று பெண்களின் பெயர்களும் இருக்கின்றன, அவர்களைக் கொடுத்த ஊரும் இருக்கிறது. தாயின் பணம் பெண்களுக்குப் போனதால் அந்தப் பெண்கள் நமக்குக் கிடைக்கிறார்கள். அந்த மூன்றில் ஓர் ஊர் அமராவதிபுதூர்.

இதே ஊரில் 1930-களில் சொ. முருகப்பா மகளிர் இல்லம் தொடங்கினார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். காரைக்குடியிலிருந்து மாதர் மறுமணம் என்ற இதழ் வந்ததும், அதை மரகதவல்லி அம்மையார் நடத்தியதும் அந்தப் பத்தாண்டில்தான். விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று கம்பெனி அரசு 1856-லேயே சட்டம் போட்டுவிட்டது. எண்பது ஆண்டு கழித்தும் நம் பகுதியில் அதற்காக ஓர் இதழ் நடத்த வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு என் கையில் உள்ள அரைப்புள்ளிச் சீட்டுகளைக் காட்டுவேன். ஒன்றன்பின் ஒன்றாக, சாகும்வரை, அதே அரை.

சர்க்கார் ஏட்டில் பெயர் வேண்டுமானால் வழக்கு இருந்திருக்க வேண்டும் என்றேன். அப்படிப் பெயர் பதிந்த ஒரு பெண் நமக்கு வெகு அருகில், சிவகங்கையிலேயே இருந்தார். காத்தம நாச்சியார். அவர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1801-ல் கும்பினியார் சிவகங்கையைக் கௌரி வல்லப உடையணத் தேவருக்குக் கொடுத்தார்கள். அவர் 1829-ல் இறந்தார். ஏழு மனைவியர், அவர்களில் மூவர் அப்போது உயிரோடு இருந்தார்கள். பெண் மக்கள் உண்டு, ஆண் வாரிசு இல்லை. ஜமீன் அண்ணன் மகன்கள் கைக்குப் போனது. கூட்டுக் குடும்பச் சொத்து, ஆகவே பங்காளிக்குத்தான் என்பது அவர்கள் வாதம். விதவைகளில் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் வழக்குப் போட்டார். தீர்ப்பு வருமுன் 1850-ல் அவரும் போய்விட்டார். வழக்கைக் கௌரி வல்லபரின் மகள் காத்தம நாச்சியார் கையில் எடுத்தார். ஜில்லாக் கோர்ட்டு, சதர் கோர்ட்டு, கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில். 1863 நவம்பர் 30 அன்று தீர்ப்பு. ஜமீன் கௌரி வல்லபர் தாமே சம்பாதித்தது. குடும்பம் பிரியாமல் இருந்தாலும் ஒருவர் தாமே சம்பாதித்த சொத்து, மகன் இல்லாவிட்டால், மனைவிக்கும் பிறகு மகளுக்கும்தான் போகும் என்றார்கள். தகப்பனார் இறந்து முப்பத்துநான்கு ஆண்டு கழித்து மகள் ராணியானார். 1877 வரை இருந்தார்.

மூர் தொகுத்த இந்திய மேல்முறையீட்டு அறிக்கைகளின் ஒன்பதாம் தொகுதியில் இந்த வழக்கு அச்சாகியிருக்கிறது. அதைப் படித்தால் ஒரு குடும்பத்துப் பெண்களின் வரலாறே வரும். யார் யாருக்கு மனைவி, யார் எப்போது இறந்தார், யாருக்கு எத்தனை பெண், யார் யார் மீது வழக்குப் போட்டார்கள் என்று எல்லாம். வக்கீல்கள் வாதாடுவதற்காக எழுதிய குடும்ப வரலாறு அது. அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அருணாசலக் கவுண்டர் வழக்கில், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சுயசம்பாத்தியமும் மகளுக்கு உண்டு என்று சொன்னபோது, சிவகங்கை வழக்கையும் எடுத்துக்காட்டியது. இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண் தகப்பன் சொத்தில் பங்கு கேட்டு நிற்கும்போது காத்தம நாச்சியார் பெயர் துணைக்கு வருகிறது.

ஜமீன் இருந்ததால் அவருக்கு வழக்கு, வழக்கு இருந்ததால் ஆவணம். நம் வீட்டு ஆச்சி யார் மீதும் வழக்குப் போடவில்லை. மூன்று வருஷக் கணக்குக்கு அக்கரைக்குக் கொண்டுவிக்கப் போன கணவர் வரும்வரை நெல்லை அளந்து, மாமியாருக்கு மருந்து அரைத்து, பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்து, பிள்ளை பெற்று, அதில் சிலதைப் புதைத்து, இந்த வீட்டை நடத்தினார். அக்கரையில் இருந்த ஆண்கள் பினாங்கில் 1857-லும் சிங்கப்பூரில் 1859-லும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். அங்கே கட்டிய செட்டியார்களின் விலாசம் கல்லில் இருக்கிறது. அதே ஆண்டுகளில் இங்கே வீட்டைக் காத்தவருக்குக் கல்வெட்டு கிடையாது. பெட்டகத்துத் துணிமூட்டைதான் இருக்கிறது.

படைப்பு வீடு உள்ளவர்களிடம் தனியே ஒன்று கேட்க வேண்டும். நம் படைப்புகளில் பல ஒரு பெண்ணுக்கானவை. சின்ன வயதில், பேறுகாலத்தில், அல்லது சொல்ல முடியாத ஏதோ துயரத்தில் போனவர். வருஷத்துக்கு ஒரு முறை பேழையைத் திறந்து, சேலை வைத்து, பங்காளிகள் கூடிச் சோறு படைத்துக் கும்பிடுகிறோம். அவர் பெயர் தெரியும். யார் மகள், எந்த ஊரிலிருந்து வந்தவர், ஏன் இறந்தார் என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். தெய்வமாக்கியவரைப் பற்றிப் பேசக்கூடாது என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அடுத்த படைப்புக்குக் கூடும்போது, மூத்த ஆச்சி ஒருவரை உட்காரவைத்து, அவருக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர் சொல்வதில் ஊர்ப் பெயர் ஒன்று இருந்தால் போதும், அங்கிருந்து இசைகுடிமானத்துக்குப் போய்விடலாம். அந்தப் பெண்ணுக்கு நாம் சேலை வைக்கிறோம், அவர் வாழ்ந்ததையும் தெரிந்துகொண்டு வைப்போம்.

இனி நான் கேட்பவை. வீட்டைப் பிரிக்க நாள் குறித்துவிட்டால் அதற்கு ஒரு மாதம் முன்னதாகப் பெட்டகச் சாவி வைத்திருக்கும் பங்காளி எல்லாருக்கும் சொல்லி அனுப்பட்டும். பெண்மக்களையும் கூப்பிடுங்கள்; சொத்தில் பங்கு கேட்க வருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், எந்தச் சாமானில் யார் பெயர் வெட்டியிருக்கிறது, அது யார் சீர் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். கட்டுகளைப் பிரிக்கும்போது எது எதோடு முடிந்திருந்தது என்பதை மாற்றாதீர்கள். இசைகுடிமானத்தோடு ஒரு நகைப்பட்டியல் சேர்ந்து கட்டியிருந்தால் அது அந்தக் கல்யாணத்து நகை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். ஓலையைத் தண்ணீரில் கழுவாதீர்கள், தாளைப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டிவிடாதீர்கள். எல்லாப் பக்கத்தையும், காலிப் பக்கம் உட்பட, செல்போனில் படம் எடுத்து நான்கு வீடுகளில் வையுங்கள். விலாசமும் தொகையும் வெளியே போகக்கூடாது என்று நினைக்கிற குடும்பங்கள் பெயர்களை மட்டுமாவது எழுதிக்கொள்ளலாம்.

மூலத்தை வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் கொடுக்க இடம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த மனிதர், மற்றவர்கள் ஒதுக்கிய புத்தகத்தையும் நாடக நோட்டீசையும் அழைப்பிதழையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரம் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகி, உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். கோட்டையூர் நமக்கு எவ்வளவு தூரம்? அவர் எடுத்து வைக்காவிட்டால் அதுவும் எடைக்குத்தான் போயிருக்கும்.

வம்சாவளி அச்சடிக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு ஆண் பெயருக்குப் பக்கத்திலும் அவர் மனைவி பெயரும், அவள் பிறந்த ஊரும், அவள் தாய் பெயரும் வர இடம் விடுங்கள். தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே அச்சிடுங்கள். இடம் இருந்தால் பிறகு வரும் பேத்தி ஒருத்தி நிரப்புவாள். பேரேட்டை வாசிக்கத் தெரியவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வந்து உட்கார்ந்து படித்துக் கொடுக்கிறேன். எந்தத் தொகையையும் வெளியே சொல்ல மாட்டேன், பெயர்களை மட்டும் எழுதித் தந்துவிட்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அமராவதிபுதூர்ப் பெண்மக்களில் ஒருத்தி